முதல் முறையாக வசந்தகால வான்கோழி வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி இது: "மிசௌரியில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் இரண்டு பேர், இருவரும் இருபது முப்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர்கள், ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்கு என்னையும் வரச் சொல்கிறார்கள். துப்பாக்கியை நான் தொட்டதே இல்லை. எச்-1பி விசாவில் இருக்கிறேன். போகலாமா? போனால் என்ன நடக்கும்?"

தாராளமாகப் போங்கள். நானும் உங்களைப் போலத்தான், கறிக்கடைக்கு அப்பால் எதையும் அறியாதவனாகப் போனேன். முதல் இரண்டு வருடம் வெறுங்கையோடுதான் திரும்பினேன். அதில் ஒன்று முழுக்க என் தப்பு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விசா விஷயத்தை முடித்துவிடுவோம். கூப்பிடுகிற நண்பர்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்பதால் இது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். கடையில் வாங்கினால்தான் குற்றம் என்றில்லை. நண்பருடைய துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் அது 'வைத்திருப்பது'தான். இதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். ஆகவே முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கி. "சும்மா வா, இந்த வாரம் ரேஞ்சுக்குப் போய் இரண்டு குண்டு சுட்டுப் பார்ப்போம்" என்று ஆசையாகக் கூப்பிடுவார்கள். உரிமம் கைக்கு வரும்வரை போகாதீர்கள். பச்சை அட்டை வந்துவிட்டவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் நிலைமையில் வேறு ஏதாவது சிக்கல் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பறவை அடுத்த வருடமும் கிடைக்கும், விசா அப்படியில்லை.

அந்த உரிமம் வாங்க, மிசௌரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். பெரியவர்கள் அதை இணையத்திலேயே முடிக்கலாம். வகுப்பு இல்லாமலே, தகுதியுள்ள ஒருவர் பக்கத்திலேயே இருக்கப் பயிற்சி வேட்டைக்காரராகப் போக ஒரு தனி அனுமதியும் உண்டு. அந்தக் குறுக்கு வழி வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வகுப்புக்கே சோம்பல்பட்டால், நாலு மணி நேரம் அசையாமல் உட்காருவது எப்படி?

பருவம் ஏப்ரல் 21-ஐ ஒட்டிய திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம் நடக்கும். மொத்தம் இரண்டு பறவை, முதல் வாரத்தில் ஒன்றுதான். சேவலையோ, தாடி (நெஞ்சிலிருந்து தொங்கும் முடிக்கற்றை) தெரிகிற பறவையையோ மட்டுமே சுடலாம். பொது நிலத்தில் சூரியோதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கி மதியம் 1 மணியோடு நிறுத்திவிட வேண்டும். தனியார் நிலத்துக்கான நேரம் சமீபத்தில் மாறியது. இதெல்லாம் அவ்வப்போது மாறக்கூடியது என்பதால் மாநில வனஉயிர்த் துறை அந்த ஆண்டுக்குப் போடும் சிறு கையேட்டைப் படித்துவிட்டுப் போங்கள். தானியம் தூவி இழுப்பது குற்றம். தூவிய தானியத்தை அள்ளிவிட்டாலும் பத்து நாளைக்கு அந்த இடத்தில் வேட்டையாடக் கூடாது.

உங்கள் நண்பர்கள் இந்தப் பறவையைப் பற்றிப் பேசும்போது ஏன் அவ்வளவு உருகுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் மிசௌரி முழுவதும் சேர்த்தே 2,500-க்கும் குறைவான காட்டு வான்கோழிகள்தான் மிஞ்சியிருந்தன. காடுகளை வெட்டியதும், வரம்பில்லாமல் சுட்டதும் சேர்ந்து முடித்துவிட்டன. பண்ணையில் வளர்த்த கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், அவை பிழைக்கவில்லை. தாயோடு அலைந்து கற்றுக்கொள்ளாத குஞ்சுக்குப் பருந்தும் தெரியாது, நரியும் தெரியாது. பிறகு ஓசார்க் மலைப் பகுதியில் பெக் ராஞ்ச் போன்ற இடங்களில் மிஞ்சியிருந்த நிஜக் காட்டுப் பறவைகளை வலை வீசிப் பிடித்து, வெறுமையாய்க் கிடந்த மாவட்டங்களில் கொண்டுபோய் விட்டார்கள். அது பலித்தது. 1960-இல் முதன்முதலாக 14 கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மூன்றே நாள் வேட்டைக்கு அனுமதித்தபோது கிடைத்தவை 94 பறவைகள். 2004 வசந்தத்தில் அந்த எண்ணிக்கை 60 ஆயிரத்தைத் தாண்டியது. அதன் பிறகு குறைந்திருக்கிறது, பிழைக்கும் குஞ்சுகள் குறைவு என்று பேச்சு. உங்கள் மூத்த நண்பர் அறுபதைத் தாண்டியவராக இருந்தால், பறவை அரிதாக இருந்த காலத்தில் அப்பாவோடு காட்டுக்குப் போயிருப்பார். அதைக் கேளுங்கள், வண்டியில் போகும் நேரம் போவதே தெரியாது.

சரி, வேட்டை எப்படி நடக்கிறது?

வான்கோழி இரவில் மரத்தில் அடையும் பறவை. முந்தின நாள் மாலையே நண்பர்கள் போய் எந்தக் கிளையில் அடைகிறது என்று ஒட்டுக் கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். உங்களை விடியற்காலை மூன்றரைக்கு எழுப்புவார்கள். இருட்டில், விளக்கு போடாமல், அந்த மரத்துக்கு நூறு நூற்றைம்பது கஜத்துக்குள் போய் உட்கார வேண்டும். கிழக்கு வெளுக்கும்போது ஒருவர் ஆந்தை மாதிரி குரல் கொடுப்பார். சேவல் ஆந்தைக்குப் பதில் சொல்வதாக நினைக்காதீர்கள். திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் சேவலால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது, அனிச்சையாகக் கத்திவிடும். இடி இடித்தாலும் கத்தும், கார்க் கதவைச் சாத்தினாலும் கத்தும். அந்தக் கத்தலை 'காபிள்' என்பார்கள். காட்டில், அரை இருட்டில், முதல் முறை கேட்கும்போது வயிற்றுக்குள் ஏதோ உருளும்.

இப்போது இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். இயற்கையில் சேவல் கத்தும், பெட்டை அதைத் தேடிப் போகும். சேவல் இருந்த இடத்தில் நின்று தோகையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. நாமோ பெட்டை மாதிரிக் குரல் கொடுத்துவிட்டுச் சேவலை நம்மிடம் வரச் சொல்கிறோம். முறையைத் தலைகீழாக மாற்றுகிறோம், அதனால்தான் இவ்வளவு கஷ்டம். அது அறுபது கஜத்தில் நின்றுகொண்டு, "நீதானே கூப்பிட்டாய், நீ வா" என்று அடம்பிடிக்கும். பக்கத்தில் நிஜப் பெட்டைகள் இருந்தால் நம்மைச் சட்டையே செய்யாது, அவற்றின் பின்னால் போய்விடும்.

குரல் கொடுக்க மூன்று கருவிகள் உண்டு. மரப்பெட்டியின் மூடியை விளிம்பில் தேய்ப்பது ஒன்று. கற்பலகை வைத்த சின்னக் கிண்ணத்தில் குச்சியால் கீறுவது ஒன்று. வாய்க்குள் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் சவ்வு மூன்றாவது. மூன்றாவதை ஆர்வக்கோளாறில் வாங்கிவிடாதீர்கள், பாதிப் பேருக்குக் குமட்டிக்கொண்டு வரும், எனக்கும் வந்தது. கைகள் துப்பாக்கியில் இருக்கும்போதும் கூப்பிட முடிகிறது என்பது மட்டும்தான் அதன் பெருமை. முதல் வருடம் நீங்கள் எதையும் ஊத வேண்டாம், தேய்க்க வேண்டாம். கூப்பிடுவது அவர்கள் வேலை.

பெட்டை பொம்மை ஒன்றை இருபது கஜத்தில் நட்டு வைப்பார்கள். நம் ஊரில் கவுதாரி பிடிப்பவர்கள் பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்து மற்றதை இழுப்பார்களே, அதே தந்திரம்தான். இங்கே உயிருள்ள பறவையை அப்படி வைக்கக் கூடாது, பிளாஸ்டிக்தான்.

உங்கள் வேலை ஒன்றே ஒன்று: அசையாமல் இருப்பது. கேட்கச் சுலபம். வான்கோழிக்கு மோப்பம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் கண் இருக்கிறதே, தலையைக் கொஞ்சம் திருப்பினால் சுற்றிலும் பார்த்துவிடும். நிறமும் தெரியும். அதனால்தான் தலை முதல் கால் வரை இலை நிற உடுப்பு, முகத்துக்கு வலை, கைக்கு உறை. கைக்கடிகாரம் பளபளத்தால்கூடப் போச்சு. உங்கள் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்காருங்கள். முதுகை மறைக்க மட்டுமில்லை, பின்னாலிருந்து வேறொருவர் தவறிச் சுட்டாலும் மரம் வாங்கிக்கொள்ளும். முழங்காலை மடக்கி, துப்பாக்கியை அதன்மேல் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். பறவை வந்த பிறகு தூக்கலாம் என்று நினைத்தால் தூக்கவே முடியாது. நல்ல தடிமனான இருக்கைத் திண்டு ஒன்று வாங்குங்கள். நான் இந்த விளையாட்டுக்கு வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

இனி என் கதை. முதல் வருடம், ஒரு வெள்ளை ஓக் மரத்தடி. எனக்கு இடது பின்பக்கம் மூத்த நண்பர் உட்கார்ந்து கற்பலகையைக் கீறிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குச் சற்று முன்னால் சேவல் முதல் தடவை கத்தியது. இவர் கீறினார், அது உடனே பதில் சொன்னது. இறங்கி வரும் சிறகோசை கேட்டது, அப்புறம் இன்னும் இரண்டு கத்தல், நெருங்கி வருவது தெளிவாகத் தெரிந்தது. பிறகு சுத்தமாக ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். வலது கால் மரத்துப் போய் எறும்பு ஊர்வது போல ஆகிவிட்டது. அது போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு, காலை மெல்ல நீட்டினேன். காய்ந்த இலை சரசரத்ததுதான் தாமதம், வலப்பக்கம் இருபத்தைந்து கஜம்கூட இருக்காது, "புட்! புட்!" என்று இரண்டு சத்தம். திரும்பினால் கறுப்பாக ஏதோ ஒன்று, குதிரைக்குட்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

நண்பர் திட்டவில்லை. எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டே, "அது பேச்சை நிறுத்தினால் வருகிறது என்று அர்த்தம்" என்றார். அவ்வளவுதான். காலை எட்டு மணிக்கு ஊருக்குள் போய் எனக்கு பான்கேக் வாங்கிக் கொடுத்தார். அந்த 'புட்' என்பது அவற்றின் அபாயக் குரல், அதைக் கேட்டுவிட்டால் அன்றைய கச்சேரி முடிந்தது.

மூன்றாவது வருடம்தான் ஒரு சேவலை முழுசாகப் பார்த்தேன். முதலில் காதில் விழுந்தது அதன் உறுமல். 'வ்ஷ்ஷ்' என்று காற்றுப் போவது போல ஒன்று, தொடர்ந்து தூரத்தில் லாரி எஞ்சின் ஓடுவது போல அடிநெஞ்சில் அதிரும் 'டூம்' ஒன்று. காதால் கேட்கிறோமா உடம்பால் உணர்கிறோமா என்று சொல்ல முடியாது. அப்புறம் இளஞ்சிவப்பு ரெட்பட் மரப் பூக்களுக்குக் கீழே தோகை விசிறி தெரிந்தது. மயிலைப் பார்த்து வான்கோழி சிறகை விரித்த கதை சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள், பண்ணையில் கூனிக்குறுகி நிற்கும் வெள்ளைக் கோழியைப் பார்த்தால் அது சரியென்றுதான் படும். காட்டுச் சேவல் வேறு. இறகு ஒவ்வொன்றும் செம்பு, பச்சை, கறுப்பு என்று வெயில் திரும்பத் திரும்ப மாறும். தலை வெள்ளை, கன்னம் நீலம், கழுத்துச் சதை ரத்தச் சிவப்பு. அதன் கோபதாபத்துக்கு ஏற்ப அந்த நிறங்கள் கண் முன்னே மாறும். நெஞ்சிலிருந்து பத்து அங்குலத் தாடி, குதிரைவால் முடி மாதிரி. மயிலைப் பார்த்து அது கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லை.

அது தோகை விரித்துக் கழுத்தை உள்ளிழுத்து நிற்கும்போது சுடாதீர்கள். எல்லோரும் முதல் தடவை செய்யும் தப்பு அது. குறி உடம்பு இல்லை, கழுத்து. இறகு முடிந்து வெறும் தோல் தொடங்கும் இடம். உடம்பில் சுட்டால் இறகு வாங்கிக்கொள்ளும், காயத்தோடு ஓடிப் போய் எங்கோ செத்துக் கிடக்கும். நண்பர் ஒரு தடவை 'கிளக்' என்று சின்னதாகக் குரல் கொடுப்பார், அது தலையை உயர்த்தும், அந்த நொடிதான். நாற்பது கஜத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம், முதல் பறவைக்கு முப்பதுக்குள் வரட்டும். நடுத் தோகை இறகுகள் மட்டும் உயர்ந்து நின்று, தாடி விரல் நீளமே இருந்தால் அது ஒரு வயது விடலைச் சேவல். சட்டப்படி சுடலாம். நண்பர்கள் வேண்டாம் என்று சைகை காட்டினால் விட்டுவிடுங்கள், அவர்கள் நிலம், அவர்கள் கணக்கு.

துப்பாக்கியைப் பொறுத்தவரை, 12 கேஜ் ஷாட்கன்தான் எல்லோரும் நீட்டுவார்கள். வான்கோழித் தோட்டாவின் உதைப்பு தோளைப் பெயர்த்துவிடும். முதலில் லேசான தோட்டாவில் பழகிவிட்டு, கடைசியில் நிஜத் தோட்டாவை இரண்டு மூன்று மட்டும் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். முப்பது, நாற்பது கஜத்தில் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள்) எப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால் போதும். அதைவிடச் சின்னக் குழாயுள்ள 20 கேஜ் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இப்போது வரும் டங்ஸ்டன் ரவையில் அதுவே தாராளம். மிசௌரியில் ரவை 4-ஆம் எண் ரவையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது (எண் குறையக் குறைய ரவை பெரிது).

பாதுகாப்பு விஷயத்தில் நான் விளையாட மாட்டேன். இலை நிறத்தில் மறைந்திருக்கும் மனிதன் பெட்டை மாதிரிக் குரல் கொடுக்கிறான், இன்னொரு மனிதன் துப்பாக்கியோடு அந்தக் குரலைத் தேடி வருகிறான். ஆபத்து முழுக்க அதில் இருக்கிறது. சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கும் தெரியக் கூடாது, காலுறையில்கூட. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துவதற்கு முன்னால்கூட யோசியுங்கள். கத்தும் சேவலை நோக்கிப் பதுங்கிப் போகவே கூடாது, அந்தக் கத்தல் இன்னொரு வேட்டைக்காரருடையதாக இருக்கலாம். அந்நியர் யாராவது நெருங்கி வந்தால் கையை ஆட்டாதீர்கள், பறவை அசைவதாக நினைத்துவிடுவார். உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சத்தமாகப் பேசுங்கள். வேட்டை கெட்டாலும் பரவாயில்லை. சுட்ட பறவையை ஆரஞ்சு நிறப் பையில் போட்டுத்தான் தூக்கி வர வேண்டும். அன்றிரவு 10 மணிக்குள் துறைக்குத் தகவல் பதிவு செய்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், நண்பர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள்: உண்ணி. ஏப்ரல் கடைசியில் ஓசார்க் காடு முழுக்க உண்ணிதான். பெர்மெத்ரின் மருந்தை முந்தின நாளே உடுப்பில் தெளித்துக் காயவிடுங்கள், தோலில் போடக் கூடாது. பேன்ட்டை சாக்ஸுக்குள் திணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, மடிப்பு மடிப்பாகத் தேடிப் பாருங்கள். இங்கே லோன் ஸ்டார் என்று ஒரு வகை உண்ணி இருக்கிறது, வளர்ந்த பெண் உண்ணியின் முதுகில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அது கடித்தால் சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சியே ஒத்துக்கொள்ளாமல் போய்விடும். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து உடம்பு முழுக்கத் தடித்துவிடும், சிலருக்கு மூச்சும் அடைக்கும். கோழியும் வான்கோழியும் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. மட்டன் பிரியாணியை ஆயுசுக்கும் இழக்க நீங்கள் தயாரா என்று யோசித்துக்கொண்டு மருந்தைத் தெளியுங்கள்.

சுட்ட பிறகு என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். ஓடிப் போய்ப் பார்த்தபோது அது இன்னும் சூடாக இருந்தது, தலையின் நீலம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நண்பர்கள் இருவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றார்கள், அப்புறம்தான் கை குலுக்கினார்கள். சுடப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சும்மா கூட உட்காரவும் போகலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். துப்பாக்கியைத் தொடாதவரை விசா கவலையும் கிடையாது.

சுத்தம் செய்யும்போது இரைப்பையைக் கீறிப் பாருங்கள். என்னுடையதில் ஒரு கைப்பிடி குளோவர் இலையும் நாலைந்து வண்டும் இருந்தன. நெஞ்சுக்கறியை இங்கே எல்லோரும் மாவில் புரட்டிப் பொரித்துவிடுவார்கள், நன்றாகத்தான் இருக்கும். காலையும் தொடையையும் பல பேர் ஒதுக்கிவிடுவார்கள், நரம்பு கெட்டியாக இருக்கிறதாம். அதை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நாட்டுக்கோழிக்குச் செய்வது போல மிளகு, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு, குக்கரில் பத்து விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை விட்டுவிடுங்கள். தொடைக் கறி எலும்பிலிருந்து உதிர்ந்து வந்துவிடும். கெட்டி நரம்புகளை அப்போது கையாலேயே உருவிப் போட்டுவிடலாம். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். மூத்த நண்பர் ரொட்டியில் தொட்டுத் தின்றுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டது: "இத்தனை வருடமாக நான் இந்தக் காலையெல்லாம் என்ன செய்தேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேனா?"